பொட்டலம் யாருடையது

அசையாமல் படுத்திருப்பது ஒன்றும் பெரிய காரியமன்று என்றுதான் சுகிர்தா எண்ணியிருந்தாள். இருபத்தோர் ஆண்டுகள் கணினியின் முன்னே அசையாமல் உட்கார்ந்தே கழுத்தெலும்பைத் தேய்த்துக்கொண்டவளுக்கு, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் முப்பத்தைந்து நிமிடம் கிடப்பது ஓய்வாகக்கூட அமையலாம். ஆனால் பலகை உள்ளே நகர்ந்து, வெள்ளைக் கூரை மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றதும், ஓய்வு என்ற சொல்லே வாய்க்குள் உலர்ந்துபோயிற்று. கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு, காதுகளில் பஞ்சு, பஞ்சின் மேல் ஹெட்போன், வலக்கையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. ‘மேடம், கேக்குதுங்களா?’ என்றது காதுக்குள் ஒரு குரல். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பொத்தான்களின் முன் உட்கார்ந்திருக்கும் ஷகிலா என்னும் பெண்ணின் குரல் அது. ‘எதாச்சும் ஒரு மாதிரி இருந்தா பந்தை அமுக்குங்க. சும்மா சும்மா அமுக்கீராதீங்க, அப்புறம் மொதல்ல இருந்து எடுக்கோணும். வெளியில எட்டுப் பேரு உக்காந்திருக்காங்க. எச்சில்கூட மெதுவா முழுங்குங்க, செரிங்களா?’ சரி என்று சொல்ல வாயசைத்தால் கழுத்தும் அசையுமோ என்று அஞ்சிச் சுகிர்தா பேசாமலிருந்தாள். அந்த மௌனத்தையே விடையாகக் கொண்டு இயந்திரம் தட்டத் தொடங்கியது.

தட்டல் என்றால் இரும்புக் கதவை யாரோ முஷ்டியால் இடிப்பதுபோல, ஆறு இடி, ஓர் இடைவெளி, மீண்டும் ஆறு. எண்ணுவதற்குக் கிடைத்தால் அவளுக்கு அச்சம் தணியும், சிறுவயதுப் பழக்கம். பதினொன்றேகாலுக்கு உள்ளே போய்ப் பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிடலாம் என்பது கணக்கு. முன்னால் போனவர் இருமிவிட்டதால் அவருக்கு இரண்டு முறை எடுக்க நேர்ந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கடைசியாகப் பார்த்தபோது பதினொன்று முப்பத்தெட்டு. அப்படியானால் வெளியே வரப் பன்னிரண்டேகால் ஆகும். ஆகட்டுமே. பன்னிரண்டு மணிக்கு அவள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. செய்ய வேண்டியவன் அலுவலகத்தில் அவளோடு வேலைபார்க்கும் நந்தகோபால், அவன் இருப்பது ஊரின் மறுகோடியில், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். மூன்று மாவட்டங்களிலிருந்து நெஞ்சுவலி என்றும் விபத்து என்றும் பிரசவம் என்றும் வருகிற அழைப்புகளையெல்லாம் வாங்கி மேசைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிகள் இரண்டு அங்கே உண்டு. ஒன்று உழைக்கும், மற்றது காத்திருக்கும். அந்தப் பெட்டிகளின் அடிவயிற்றில் ஓடுகிற கெர்னல் என்னும் அடிப்படை மென்பொருளின் ஒரு பகுதி அவள் எழுதியது. மனிதக் குரல் அதற்குள் நுழையும்போது குரலாக இருப்பதில்லை, நறுக்கிய சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கெர்னல் தன் நினைவகத்தில் ஓர் அறை ஒதுக்கும். பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் அறையை விடுவிக்கும். விடுவிக்க மறந்தால் அறை பூட்டியபடியே கிடக்கும். ஒன்று பூட்டிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது, ஓராயிரம் கிடந்தாலும் தெரியாது. பதினோராவது நாள் ஒதுக்க அறையே இல்லாமல் பெட்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். கசிவு என்பார்கள் அதை. உண்மையில் எதுவும் வெளியே சொட்டுவதில்லை. உள்ளேயே இருந்துகொண்டு எவருக்கும் பயன்படாமல் போவதற்குக் கசிவு என்று பெயர் வைத்தவன் யாரோ.

மூன்று வாரம் தேடினாள் அந்தக் கசிவை. வெளிக் கம்பிக்கு அனுப்ப முயன்று முடியாமற்போகும் பொட்டலங்கள்தாம் பூட்டிக் கிடக்கின்றன என்று கண்டுபிடித்த நாளில், இருக்கையிலிருந்து எழுந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். அவளுடைய கொண்டாட்டம் அவ்வளவே. அனுப்பும் செயற்கூறு, அதாவது அனுப்பும் வேலையைச் செய்யும் நிரல்துண்டு, ‘முடியவில்லை’ என்று திருப்பிச் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: அறையை விடுவி. ஒரு வரி! அலுவலகத்தில் எந்தத் திருத்தத்தையும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துக் கையெழுத்திட்டாலொழிய வெளியே அனுப்பக்கூடாது. அந்த விதியை ஏற்படுத்தியவளும் அவள்தான். இரண்டாவது ஆள் நந்தகோபால். நேற்று அவன் மேசையருகே போய் நின்று, ‘படித்துவிட்டாயா?’ என்று கேட்டாள். ‘கையெழுத்துப் போட்டுட்டனுங்க்கா,’ என்றான். ‘கேட்டது அதையில்லை.’ ‘அக்கா, நீங்க எழுதினதுல நான் தப்புக் கண்டுபிடிச்சா அன்னைக்குக் கோயமுத்தூருல மழையில்ல, பனி பெய்யும். ஒரு வரிக்கு எதுக்குங்க்கா இத்தனை சடங்கு?’ அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். சொல்வதற்கு வெட்கம், அவளும் சிரித்தாள். சிரித்ததோடு நில்லாமல், ‘நாளைக்கு நான் ஸ்கேனுக்குப் போகிறேன், எனக்காகக் காத்திராதே, பன்னிரண்டு மணிக்கு மையத்தில் திருத்தத்தைப் போட்டுவிடு,’ என்றும் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அந்தச் சிரிப்பு கழுத்துக் கூண்டுக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ஏன் இறங்கவில்லை? ஆறு இடி, இடைவெளி. எதுவோ ஒன்று உறுத்துகிறது. முதுகில் மடிந்து கிடக்கும் துணியா? இல்லை. கொண்டை ஊசி. உள்ளே வருவதற்கு முன்னால் நடந்தது அது. உடலில் உலோகம் ஏதேனும் உண்டா என்று பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். பதினான்குக்கும் ‘இல்லை’ என்று அழகான எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தாள். ஷகிலா அந்தத் தாளை ஏறெடுத்தும் பாராமல், ‘மெட்டல் எதாச்சும் இருக்குதுங்களா?’ என்று வாய்திறந்து கேட்டாள். ‘எழுதியிருக்கிறேனே,’ என்றாள் சுகிர்தா, சற்றே எரிச்சலோடு. ‘எழுதினது செரிதானுங் மேடம். நான் தடவிப் பாக்கோணுமில்ல,’ என்று சொல்லிக்கொண்டே பின்னந்தலையில் விரல்களை ஓட்டிய அந்தப் பெண், கொண்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு ஊசியை உருவி அவள் கண்முன் நீட்டி, ‘இது என்னங், மல்லிப்பூவா?’ என்றாள். சுகிர்தாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. பொய் எழுதவில்லை அவள். எழுதும்போது ஊசி இருப்பதே நினைவில்லை. தினமும் செருகுவதால் தலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட ஊசி. தாள் சொல்கிறது இல்லையென்று. விரல் சொல்கிறது உண்டென்று. தாளில் இருப்பதோ அவள் கையெழுத்து. இத்தனைக்கும் இதில் அஞ்ச என்ன இருக்கிறது, ஊசியைத்தான் எடுத்தாயிற்றே என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேற்றிக்கொண்டிருக்கும்போதே, நீரின் அடியிலிருந்து ஒரு முகம் மேலே வருவதுபோல, அந்தக் குறிப்பு கண்ணுக்குள் எழுந்துவந்தது.

அனுப்பும் செயற்கூற்றின் தலைமாட்டில் அவள் எழுதிவைத்த குறிப்பு. ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் பொட்டலம் யாருடையது என்று ஒரு வரியில் எழுதிவிட வேண்டும் என்பதும் அவள் கொண்டுவந்த வழக்கம். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பொட்டலம் போய்க்கொண்டேயிருக்கும். கடைசியாக வைத்திருப்பவர்தாம் விடுவிக்க வேண்டும். யார் கடைசி என்பதில் குழப்பம் வந்தால் ஒன்று இருவரும் விடுவிக்காமல் போவார்கள், அல்லது இருவரும் விடுவித்துவிடுவார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள் எழுதினாள்: ‘அனுப்ப முடியாவிட்டால் பொட்டலம் அழைத்தவருடையதே.’ அழைத்தவர் என்றால் போன் செய்தவர் அல்லர், அனுப்பும் வேலையை ஏவிய செயற்கூறு; அந்த வரியை நம்பித்தான் இப்போது அழைத்தவர் பக்கத்தில் விடுவிக்கும் வரியைச் சேர்த்தாள். குறிப்புக்குக் கீழே இருந்த நிரலைப் படித்தாளா? படித்தாள். முழுவதும் படித்தாளா? வரிசை நிரம்பிப்போவதால் அனுப்ப முடியாமற்போகும் பகுதியைப் படித்தாள். அது குறிப்பு சொன்னபடியே இருந்தது. அதற்கும் கீழே, வெளிக் கம்பியே அறுந்துபோகும்போது என்ன செய்வது என்ற பகுதி. அது… அது இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெருமழையில் கம்பிகள் அறுந்து தொங்கிய வாரத்தில், அவசர அவசரமாக மாற்றியது. மாற்றியவள் வேறு யாருமில்லை. கம்பி அறுந்தால் பொட்டலத்தை அங்கேயே விடுவித்துவிட்டு ‘முடியவில்லை’ என்று சொல்லும்படி எழுதியதாக ஒரு நினைவு. எழுதினாளா, எழுதலாமென்று நினைத்ததோடு விட்டாளா? எழுதியிருந்தால் குறிப்பைத் திருத்தியிருப்பாள், திருத்தாமல் விடுகிறவளா அவள்? மூன்று வாரத்துக்கு முன் பார்த்தபோது குறிப்பு பழையபடியே இருந்தது, எனவே நிரலும் பழையபடியே இருக்க வேண்டும். எனவே. இந்த ‘எனவே’தானே தாளைப் பார்த்துத் தலையில் ஊசியில்லை என்று சொன்னது? ‘மேடம், மொத செட்டு முடிஞ்சுதுங்க. அடுத்தது ஆறு நிமிஷம். நல்லா ஆடாம இருக்கறீங்க, வெரி குட்,’ என்றது குரல்.

இம்முறை இடியில்லை. நீண்ட ஒரு ரீங்காரம், பற்களின் வேரில் போய் நிற்கும் ரீங்காரம். விடுவிக்க மறப்பதற்கும் இருமுறை விடுவிப்பதற்கும் எவ்வளவு தூரம்! மறந்தால் பதினொரு நாள் தவணை உண்டு. ஞாயிறுதோறும் பெட்டியை நிறுத்தி எழுப்பினால் அந்தத் தவணையும் புதிதாகும். மையத்தில் அப்படித்தான் நான்கு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருமுறை விடுவித்தாலோ ஒரே அறையைக் காலி என்று இரண்டு தடவை பலகையில் எழுதிவைக்கும் விடுதிபோல் ஆகிவிடும் கெர்னல். அடுத்து வரும் இருவருக்கும் அதே அறையின் சாவியைக் கொடுக்கும். ஒருத்தி தன் தந்தைக்கு மூச்சு நின்றுபோகிறதென்று ஒரு தெருவின் பெயரைச் சொல்லுவாள். அந்தத் தெருப் பெயரின் மேலேயே இன்னொருவனுடைய பொட்டலம் வந்து உட்காரும். அல்லது பெட்டியே, ஒரு விநாடி முன்பு வரைக்கும் நலமாக இருந்த பெட்டி, காரணம் சொல்லாமல் விழுந்துவிடும். எப்போது? கம்பி அறுபடும்போது. கம்பி எப்போது அறுபடும்? புயலில், வெள்ளத்தில், லாரி கம்பத்தை மோதிச் சாய்க்கையில். அதாவது, மூன்று மாவட்டமும் ஒரே நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற வேளை பார்த்து. மெல்லக் கொல்லும் நோயைப் போக்கப் போய், வாசலில் மின்னலைக் கட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறாளா? அப்படியெல்லாம் இராது. நான்கு நாள் சோதித்தாளே! சோதனைப் பெட்டியில் ஒதுக்கியவை எத்தனை, விடுவித்தவை எத்தனை என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டேயிருந்தன; நான்கு நாளும் அவை இணையாகவே ஏறின. கம்பியைக்கூட ஒரு தடவை பிடுங்கிப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான்காம் நாள் மாலையில் கடைசியாகப் பார்த்தபோது இரண்டு எண்களுக்கும் வேறுபாடு ஒன்று.

ஒன்றுதான். ஒன்று என்பது ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தாள். இரண்டு எண்களையும் ஒரே கணத்தில் படிக்க முடியாது, ஒன்றைப் படித்து மற்றதைப் படிப்பதற்குள் ஒரு பொட்டலம் வந்திருக்கும், அதனால் வேறுபாடு. இது வழக்கம். ஆனால் எந்தப் பக்கம்? ரீங்காரம் சட்டென்று நின்று, அந்த நிசப்தத்தில் கேள்வி மட்டும் பெரிதாகியது. எந்த எண் கூடுதல்? எண்களைப் படிக்கும் சிறு நிரலையும் அவள்தான் எழுதினாள். அது முதலில் விடுவித்தவற்றைப் படிக்கும், பிறகே ஒதுக்கியவற்றைப் படிக்கும். மண்டபத்திலிருந்து வெளியேறியவர்களை முதலில் எண்ணிவிட்டு, அதன்பின் உள்ளே வந்தவர்களை எண்ணுவதுபோல. இடையில் கடந்த கணத்தில் புதியவர்கள் வந்திருக்கலாம். ஆகவே வந்தவர் தொகை கூடுதலாயிருக்கலாம். வெளியேறியவர் தொகை வந்தவர் தொகையை மிஞ்சுவது மட்டும் நடக்கவே நடக்காது, யாரோ ஒருவரை இருமுறை வெளியே அனுப்பியிருந்தாலொழிய. அந்தக் கடைசி எண்களில் ஒன்று ஏழில் முடிந்தது, ஒன்று எட்டில் முடிந்தது. எட்டு இடப்பக்கமா, வலப்பக்கமா? இடப்பக்கம் விடுவித்தவை. மூன்று வாரமாக அவள் தேடியது விடுவிக்காததை. கண்கள் அந்தப் பக்கமாக மட்டுமே வேவு பார்த்தன. திருடன் வரும் வாசலைக் காத்துக்கொண்டிருந்தவள் கொல்லைப்புறத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு, இடப்பக்கம். இல்லை, வலப்பக்கம். மூடிய கண்களுக்குள் திரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். எண்கள் வந்தன, பார்க்கப் பார்க்க இடம் மாறிக்கொண்டன. பச்சை நிறத்தில் எட்டு. எந்தப் பக்கத்துக்கும் பச்சைதான்.

கையில் பந்து இருக்கிறது. விரல்களுக்கு அது தெரிந்துகொண்டேயிருந்தது. அமுக்கினால் என்ன ஆகும்? ஷகிலா வருவாள், இத்தனை நேரம் எடுத்தது வீணாகும், எட்டுப் பேரும் இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியாமல் இருந்தார். நந்தகோபாலைக் கூப்பிட்டு நிறுத்து என்று சொன்னால் அவன் ஏன் என்பான். ஊசி என்பாளா? ஏழும் எட்டும் இடம் மாறுகின்றன என்பாளா? நான்கு மாதமாகத் திருத்தத்துக்கு ஏங்கிக் கிடக்கிற மையத்தாரிடம், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் எனக்கு ஒரு மயக்கம் வந்தது என்று விளக்குவாளா? உறுதி வரட்டும், பிறகு அமுக்கலாம். மீண்டும் இடி, இம்முறை மூன்று மூன்றாக. சிறுமியாக இருக்கையில் சொந்த ஊரான நாசரேத்தில் சபை மண்டபத்து வேதவசனப் போட்டி. நாற்பது வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். ஒன்பது வயதுச் சுகிர்தா நடுவிலே ஒரு வசனத்தை முழுங்கிவிட்டாள். முழுங்கியது அடுத்த வசனத்தின் பாதியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நின்று நடுவர்களைப் பார்த்தாள். மூவர் முன்னாலும் புத்தகம் திறந்திருந்தது. மூவரும் புத்தகத்தைப் பாராமல், ‘சுகிர்தாவா, அவளுக்குத் தப்பாது’ என்ற புன்னகையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதற்பரிசாக, பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். இராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது. பிடிபட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிற பிள்ளைகளைத்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிடிக்க ஆளில்லையே என்று அஞ்சிக் காய்ச்சல் கண்ட பிள்ளையை யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா நெற்றியில் கைவைத்து, கண்ணேறு பட்டுவிட்டது என்றாள். அன்றிலிருந்துதான் இந்த விதிகள், இந்த இரண்டாவது ஆள், இந்தக் குறிப்புகள் எல்லாம் என்று இப்போது தோன்றியது. அத்தனையையும் கட்டி முடித்த பிறகும் மூன்று நடுவர்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதி வரட்டும் என்று காத்திருக்கிறாள். உறுதி எப்படி வரும்? திரை அங்கே, அவள் இங்கே. குழாய்க்குள் உறுதி வரப்போவதில்லை. பன்னிரண்டு மணிதான் வரும். ஒருவேளை வந்தும் விட்டது. தான் தவறாக இருக்கலாம் என்பதற்கு அஞ்சி அமுக்காமலிருக்கிறாளா, தான் சரியாக இருந்துவிடுவோமோ என்று அஞ்சி அமுக்காமலிருக்கிறாளா? அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன் விரல்கள் இறுகிவிட்டன.

‘என்னங் மேடம், மூச்சு முட்டுதுங்களா?’ பலகை வெளியே நகர்ந்து, ஷகிலாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. ‘என் போன் வேண்டும்,’ என்றாள் சுகிர்தா. ‘போனா? இன்னும் பத்தொம்பதே நிமிஷந்தானுங்க! போனுக்காகவா அமுக்கினீங்க?’ ‘ஓர் உயிர்ப் பிரச்சினை, அம்மா.’ சொன்ன பிறகுதான் அது உண்மையாகவே இருக்கலாம் என்று உறைத்தது. அந்தப் பெண் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் கூண்டைக் கழற்றினாள். மருத்துவமனை அங்கியோடு தாழ்வாரத்துக்கு ஓடி, பெட்டகத்தைத் திறந்து, போனை எடுத்தபோது மணி பதினொன்று ஐம்பத்தேழு. மூன்று நிமிடம் இருக்கிறது. நந்தகோபால் முதல் மணியிலேயே எடுத்தான். ‘அக்கா! ஸ்கேன் முடிஞ்சுதுங்களா? ஒண்ணும் கவலப்படாதீங்க, மொதப் பொட்டியில முக்காலுக்கே போட்டுட்டேன். சூப்பர்வைசரம்மா சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சிரச் சொன்னாங்க. காலெல்லாம் சூப்பரா வந்துட்டிருக்குது. ரெண்டாவதுல இப்பத்தான் கையை வெச்சேன்.’

‘கையை எடு,’ என்றாள்.

‘ஏனுங்க்கா?’

‘எடுத்துவிட்டாயா? நந்து, இரண்டாவது பெட்டியில் பழையதுதானே இருக்கிறது, தொடவில்லையே? அழைப்புகளை அதற்கு மாற்று.’ ‘அது லீக் ஆகுமேங்க்கா.’ ‘ஆகட்டும். அது தரும் பதினொரு நாள் எனக்குப் போதும்.’ அவன் நடந்து போகும் ஓசை கேட்டது, இரும்பலமாரி திறக்கும் ஓசை கேட்டது. ‘செரி, மொதப் பொட்டியோட கேபிளைப் புடுங்கி உட்டர்றேன், தானா ரெண்டாவதுக்கு மாறிக்கும். அஞ்சு செகண்டு வேலை.’ சுகிர்தாவுக்குத் தாழ்வாரமே ஒரு பக்கம் சாய்ந்ததுபோலிருந்தது. பெட்டி மாற்ற அவர்கள் எல்லாரும் செய்வது அதுதான், அவளே நூறு முறை செய்திருக்கிறாள்; கம்பியைப் பிடுங்கினால் கெர்னலுக்கு அது கம்பி அறுந்ததேதான்; அந்தக் கணத்தில் கையிலிருக்கும் பொட்டலங்கள் ஒவ்வொன்றும்… ‘பிடுங்காதே!’ என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘கேபிளில் கை வைக்காதே, நந்து. தள்ளி நில். தள்ளி நின்றுவிட்டாயா?’ ‘நின்னுட்டேன், நின்னுட்டேன். ஏனுங்க்கா இப்படிக் கத்தறீங்க?’ ‘புதிய அழைப்பு எதையும் வாங்காதே என்று முதல் பெட்டிக்குக் கட்டளை கொடு. உள்ளே இருப்பவர்கள் பேசி முடிக்கட்டும். அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம்.’ விசைப்பலகையின் ஓசை. ‘கொடுத்துட்டேன். புதுசெல்லாம் ரெண்டாவதுக்குப் போகுது. மொதல்ல இன்னும் மூணு கால் இருக்குது.’ சுகிர்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். அங்கியின் முடிச்சு அவிழ்ந்து தோளிலிருந்து நழுவியது. ஷகிலா பின்னாலிருந்து வந்து அதை இழுத்துக் கட்டிவிட்டு, ‘அடுத்தவரை உள்ள கூட்டிக்கறேனுங்க, நீங்க பேசுங்க,’ என்று சொல்லிப் போனாள். ‘ரெண்டுக்கா,’ என்றான் நந்தகோபால். யாரோ இருவர் எங்கேயோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கோயிலைத் தாண்டி இடப்பக்கம் என்றோ, மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து என்றோ. அவர்களுக்கு அடியிலே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. கம்பி மட்டும் இப்போது அறுந்துவிடக்கூடாது. ஏதேனும் ஒரு லாரி ஏதேனும் ஒரு கம்பத்தின் மேல்… ‘ஒண்ணு. இந்த ஒண்ணு நெம்ப நேரமா இருக்குது.’ கேட்பதற்குக் கடவுளிடம் அவளுக்கு ஒரு வாக்கியங்கூட அகப்படவில்லை. ‘போயிருச்சுங்க்கா. மொதப் பொட்டி காலி.’

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவன், குரலைத் தாழ்த்தி, ‘என்னங்க்கா ஆச்சு? மேனேஜர் கேட்டா என்னன்னு சொல்லட்டும்?’ என்றான். ‘சுகிர்தா தவறு செய்திருக்கலாம் என்று சொல். செய்தாளா என்பது எனக்குத் தெரியாது, நந்து. நிரல் என் கண்ணில் நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று நீ கையெழுத்திட்டதை இப்போது திற. அனுப்பும் செயற்கூறு. தலையில் நான் எழுதியிருக்கும் குறிப்பைப் பார்க்காதே, கையால் மறைத்துக்கொள். கீழே இருப்பதை வாய்விட்டுப் படி, ஒரு வரியையும் விடாமல்.’ ‘எனக்கு வெக்கமா இருக்குதுங்க்கா. நேத்தே…’ ‘எனக்கும்தான். படி.’ அவன் படிக்கத் தொடங்கினான். முதலில் மந்திரம் சொல்கிறவன்போல் வேகமாகப் படித்தான். அவள் நிறுத்தி, மெல்லப் படிக்கச் சொன்னாள். வரிசை நிரம்பியிருந்தால், என்றான். பொட்டலத்தைத் தொடாமல் திரும்பு, என்றான். அவள் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே வந்தாள். வெளிக் கம்பி உயிரோடு இல்லையென்றால், என்று படித்தவன், அடுத்த வரிக்கு வாயெடுத்து நின்றுவிட்டான். ‘அக்கா,’ என்றான். ‘இங்கயே விடுவிச்சிருக்குதுங்க்கா. இங்கயே விடுவிச்சுட்டுத்தான் முடியலைன்னு சொல்லுது. நாம வெளியில மறுபடியும்…’ சுகிர்தா தான் அழுதுவிடுவோமென்று எதிர்பார்த்தாள், அழுகை வரவில்லை. அந்தக் கோப்பில் இன்னும் நாற்பத்தொரு செயற்கூறுகள் இருக்கின்றன; நாற்பத்தொன்றின் தலையிலும் பொட்டலம் யாருடையது என்று அவள் கையால் எழுதிய குறிப்பு இருக்கிறது.

‘மேலே படி,’ என்றாள்.